இன்திஸார் கை துடைத்த பன்னிரண்டு நொடி

"உன் நாடு எது?" என்று யாராவது கேட்டுவிட்டால் இன்திஸாருக்குப் பொத்துக்கொண்டு வரும். கேட்டவர் மேல் கோபமில்லை. நாற்பத்து மூன்று வயதாகியும் அந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லையே என்ற ஆத்திரம். பிறந்தது லெபனானில் சைதா நகருக்குப் பக்கத்தில், ஐன் அல்ஹில்வே என்ற பாலஸ்தீன அகதி முகாமில். அப்படியானால் லெபனான்காரியா? லெபனான் அவளை ஒருநாளும் தன் ஆளாக எழுதிக்கொண்டதில்லை. தாத்தாவின் ஊர் ஹைஃபாவுக்கு மேலே ஒரு மலைக் கிராமம். அங்கே அவள் கால் வைத்ததே கிடையாது. கல்யாணமாகி டென்மார்க்குக்கு வந்து இருபத்தோரு வருஷம் ஆயிற்று. கணவன் மாரடைப்பில் போய் ஆறு வருஷம். இத்தனைக்கும் பிறகு அவள் பயணப் புத்தகத்தில் நாடு என்ற இடத்தில் 'நாடற்றவர்' என்றுதான் அச்சாகியிருந்தது. விமான நிலையத்தில் அதைப் புரட்டிப் பார்க்கிறவன் எவனும் அவளை நேராக உள்ளே விட்டதில்லை. வரிசையை விட்டு ஓரமாக நில் என்பான். அவளும் நிற்பாள்.

குடியுரிமைக்கு அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். டேனிஷ் மொழியில் பாதி எழுத்தைத் தொண்டைக்குள்ளேயே விழுங்கிவிடுவார்கள். விழுங்கியதை எழுதிக் காட்டு என்றால் எங்கே போவாள்? மூன்றாம் முறை தேறினாள். சரித்திரத் தேர்வில் எந்த ராஜா எந்தச் சண்டையில் தோற்றான் என்பதையெல்லாம் மகள் ரனீம் கேள்வி கேட்க, இவள் வெங்காயம் வதக்கிக்கொண்டே பதில் சொல்லிப் பழகினாள். கடைசியில் 2019 மார்ச்சில் கடிதம் வந்தது. எல்லாம் சரி, ஏப்ரலில் நகர மண்டபத்தில் விழா, வந்து அரசியல் சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. நகராட்சியின் சார்பில் நிற்பவரோடு கை குலுக்க வேண்டும், கையுறை கூடாது, உள்ளங்கையோடு உள்ளங்கை பட வேண்டும்.

அந்தச் சட்டம் புதிது. யாரை மனதில் வைத்து அதைப் போட்டார்கள் என்பது எங்கள் பிர்க்கஹோய் குடியிருப்பில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்நிய ஆணோடு கை குலுக்காத பெண்கள் இங்கே பாதிப் பேர். நெஞ்சில் கை வைத்துத் தலையை லேசாகச் சாய்ப்பார்கள்; மரியாதை அதிலேயே வந்துவிடும். இன்திஸாரும் அப்படித்தான். அதற்காக அவள் யாரிடமும் வாதாடியதில்லை. அவள் தாய் அப்படி இருந்தாள், இவளும் இருக்கிறாள், அவ்வளவுதான்.

இதில் சிரிப்பு வருகிற சங்கதி அவள் வேலை. பன்னிரண்டு வருஷமாக நகராட்சியின் வீட்டுப் பராமரிப்பில் இருக்கிறாள். காலை ஆறரைக்கு சைக்கிளை எடுத்தால் மதியம் வரை தள்ளாத கிழவர்களையும் கிழவிகளையும் எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, ரொட்டி தடவிக் கொடுத்து, அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். கையுறை போட்டுக்கொள்வாள். யாரைத் தொடுவதற்கு முன்னாலும், தொட்டு முடித்த பின்னாலும் சட்டைப் பையில் இருக்கும் சின்னப் புட்டியிலிருந்து கிருமிநாசினியைப் பிழிந்து இரண்டு கையையும் தேய்த்துக்கொள்வாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மண்டையில் அறைந்து ஏற்றிய பாடம் அது: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது ஆகும். வீட்டில் ரனீமுக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாலும் கை தானாகப் பைக்குப் போய்விடும்.

"உம்மா, நான் உன் பொண்ணு. கிருமி இல்ல" என்று ரனீம் கத்துவாள்.

"கை அதுபாட்டுக்குப் போகுதுடி, நான் என்ன செய்ய" என்பாள் இவள்.

விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தம்பி ஹுஸாம் வீட்டுக்கு வந்தான். தாய் போனபோது அவனுக்கு ஒன்பது வயது. முகாமிலிருந்து அவனை இங்கே வரவழைக்க இன்திஸார் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. தோளில் போட்டு வளர்க்காத குறைதான். இப்போது அவனுக்கு இருபத்தொன்பது, நகரப் பேருந்து ஓட்டுகிறான். மூன்று வருஷமாக ஓர் இயக்கத்தோடு திரிகிறான். ஓட்டுப் போடுவது பாவம், மனிதன் எழுதிய சட்டத்துக்குக் கட்டுப்படுவதாகக் கையெழுத்துப் போடுவது அதைவிடப் பாவம், கிலாஃபத் என்ற இஸ்லாமிய ஆட்சி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வாசலில் துண்டுக் காகிதம் கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு டேனிஷ் கடவுச்சீட்டு சின்ன வயதிலேயே பெற்றோர் வழியாக வந்துவிட்டது. நாடில்லாதவளுக்கு உபதேசம் செய்வது மட்டும் அவர்களுக்குச் சுலபம்.

ஹுஸாம் காபியைத் தொடவில்லை. "அக்கா, ஒரு காகிதத்துக்காக அவன் கையைப் பிடிக்கப் போறியா?"

"காகிதமா? உனக்கு அது காகிதம். எனக்குக் கால் வைக்க ஒரு இடம்."

"பூமி அல்லாஹ்வோடது."

"அதைப் போய் ஏர்போர்ட்டுல சொல்லு. உள்ள விடுறானா பாப்போம்."

"அவனுங்க வேணும்னே வச்சிருக்கானுங்க. உன்னைக் குனிய வைக்கணும், அதை நாலு பேர் பாக்கணும். நீ குனியப் போறே."

"கிழவர்களைக் குளிப்பாட்டுறேனே, அப்ப எங்க போச்சு உன் ரோஷம்? அந்தச் சம்பளத்துலதானேடா உன்னைப் படிக்க வச்சேன்."

"அது வேலை, நோயாளி, கையுறை. இது வேற. உனக்கே தெரியும்."

தெரியும். அதுதான் அவள் தொல்லை. இமாமிடம் போய்க் கேட்டாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, "நிர்ப்பந்தத்துல செஞ்சா குத்தமில்ல மகளே" என்றார். அந்தப் பதிலும் அவளுக்குப் பிடிக்கவில்லை. கழுத்தில் கத்தி வைத்துச் செய்ததாக ஏன் சொல்ல வேண்டும்? தெரிந்தேதான் செய்யப் போகிறாள். அல்லாஹ்விடம் அதற்கு அவளே பதில் சொல்லிக்கொள்வாள். அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போன ஹுஸாம் அதன் பிறகு அவள் போனை எடுக்கவில்லை.

விழா ஒரு வியாழக்கிழமை மதியம். காலை வேலைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கடைசி வீடு ஸ்வென் கிழவருடையது. எண்பத்து நாலு வயது, பழைய கப்பல் பட்டறை ஆள். கால் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிவிட்டு நேராக நகர மண்டபத்துக்கு சைக்கிளை மிதித்தாள். வேலைச் சட்டைக்கு மேல் நல்ல கோட்டு, சாம்பல் நிற முக்காடு. கோட்டுப் பையில் அந்தச் சின்னப் புட்டி. ரனீம் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்து, போனை உயர்த்திப் பிடித்துத் தயாராக நின்றாள்.

கை குலுக்க நின்றவர் நகர்மன்ற உறுப்பினர் ஃப்ளெமிங் ராஸ்க். இந்தச் சட்டம் வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கிய கட்சிக்காரர். 'கை கொடுக்காதவர் டேனிஷ்காரர் ஆக முடியாது' என்று உள்ளூர்ப் பத்திரிகையில் பத்தி பத்தியாக எழுதியவர். அன்றைக்கு அந்த இடத்தில் நிற்பதைக் கேட்டு வாங்கிக்கொண்டார் என்று பேச்சு. ஆள் வாட்டசாட்டம், சிவந்த கன்னம், வாய் நிறையச் சிரிப்பு. பதினெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு போலந்துக்காரன் அவர் கையைப் பம்பு அடிப்பதுபோல் குலுக்கினான். ஓர் ஈரானியப் பல் வைத்தியர் இரண்டு கையாலும் பிடித்தார். பத்திரிகைக்காரனின் கேமரா அவர்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, வரிசையில் முக்காடு எங்கே இருக்கிறது என்று தேடி இன்திஸார் மேல் வந்து நின்றது.

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பைக்குள் கை போயிற்று, புட்டியைப் பிழிந்தாள், தேய்த்துக்கொண்டாள். 'பிஸ்மில்லாஹ்' என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டு கையை நீட்டினாள். ராஸ்க்கின் கை பெரிதாகவும் சூடாகவும் இருந்தது. காது இரண்டும் எரிந்தன. ஒன்று, இரண்டு, விட்டுவிட்டார். "வாழ்த்துகள்" என்றார். அவள் நன்றி சொல்லிவிட்டு இரண்டு எட்டு தள்ளி வந்தாள். அப்பாடா என்று மூச்சு வந்தது. கை தானாகப் பைக்குள் போய், புட்டியைப் பிழிந்து, தேய்த்துக்கொண்டது.

அவளுக்கு அது நடந்ததே தெரியாது. பாட்டுப் பாடினார்கள், இவளும் வாயசைத்தாள். சின்னக் கொடி குத்திய கிரீம் கேக் கொடுத்தார்கள். ரனீம் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ராஸ்க் கையெழுத்துப் போட்டு அறிக்கை மேலே போனதும் கடிதம் வரும், அவ்வளவுதான் பாக்கி என்றாள் விழாவை நடத்திய அதிகாரி லிஸ்பெத்.

மாலை ஐந்து மணிக்கு ஹுஸாமின் போன் வந்தது. மூன்று வாரமாக எடுக்காதவன், தானாகக் கூப்பிடுகிறான். இன்திஸாருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

"அக்கா! என் சிங்கம்! தலை நிமிர வச்சுட்டே!"

"என்னடா, கோவம் போச்சா?"

"கோவமா? நீ இப்படிப் பண்ணுவேன்னு தெரிஞ்சிருந்தா உன்னைத் தலைல தூக்கிட்டுப் போயிருப்பேன். ஊரே பாக்குது, அக்கா. சட்டத்துக்குக் கையைக் கொடுத்தே, அல்லாஹ்வுக்காகத் துடைச்சே. அடடா!"

அவன் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் பாதி வார்த்தை அவள் காதில் ஏறவில்லை. ரனீம் தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டிய பிறகுதான் புரிந்தது. பன்னிரண்டு நொடிப் படம். கை குலுக்குவதில் தொடங்குகிறது, இவள் திரும்புகிறாள், புட்டியை எடுக்கிறாள், அழுத்தி அழுத்தித் தேய்க்கிறாள், முடிந்தது. பத்திரிகை தலைப்பு வைத்திருந்தது: 'கை கொடுத்தாள், துடைத்தெறிந்தாள்'. அதே பன்னிரண்டு நொடியை இயக்கத்தின் இணையப் பக்கத்திலும் போட்டிருந்தார்கள். அதற்கு மேலே ஹுஸாம் தன் பெயரில் எழுதியிருந்தான்: 'என் அக்கா என்னிடம் சொன்னாள், அந்த அழுக்கை அல்லாஹ்வுக்காகத் துடைத்தேன் என்று.'

"நான் எப்போடா சொன்னேன்?" என்று இன்திஸார் போனில் கத்தினாள்.

"சொல்லாட்டி என்ன? செஞ்சியே."

"அது வேலைப் பழக்கம்டா! நான் காலைல புண்ணுக்கு மருந்து போட்டுட்டு வந்தேன். உன் நெத்தியத் தொட்டாக்கூடத் துடைப்பேன். எடு அதை. இப்பவே எடு."

"ஆயிரம் பேர் உனக்காக துஆ செய்யறாங்க அக்கா. எப்படி எடுக்கறது?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அடுத்த பத்து நாள் அவள் பட்ட பாடு எதிரிக்கும் வரக் கூடாது. இயக்கத்துக்காரர்களும் ராஸ்க்கின் ஆட்களும் ஒருவரை ஒருவர் கண்ணால் பார்க்க மாட்டார்கள், ஆனால் அந்தப் பன்னிரண்டு நொடியில் இரண்டு கட்சிக்கும் ஒரே பேச்சு: அவள் அழுக்கைத் துடைத்தாள். மூன்றாம் மாடிக்காரி ஒருத்தி தட்டு நிறைய மஅமூல் பலகாரம் கொண்டுவந்து கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனாள். சைக்கிள் நிறுத்தும் இடத்தில் யாரோ அவள் இருக்கையில் முட்டை உடைத்து வைத்திருந்தார்கள். அவள் குளிப்பாட்டும் ஒரு கிழவியின் மகள் அலுவலகத்துக்குப் போன் செய்து, எங்களைத் தொட்டால் கை கழுவுகிறவள் எங்கள் அம்மாவைத் தொட வேண்டாம் என்றாள். கழுவாமல் தொட்டிருந்தால் முதலில் புகார் எழுதியிருப்பவளும் அவளேதான். மேற்பார்வைக்காரி வருத்தமாகத்தான் பேசினாள், ஆனால் பத்திரிகைக்கு வாய் திறக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு என்றாள். பன்னிரண்டு வருஷம் அந்தப் பாடத்தை ஓதியவர்கள் ஒருவராவது வெளியே வந்து 'நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம்' என்று சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

லிஸ்பெத் போன் செய்தாள். "ராஸ்க் அறிக்கையில கையெழுத்துப் போட மாட்டேங்கறார். கை குலுக்கினதை நீங்க அங்கேயே ரத்து பண்ணிட்டீங்கன்னு சொல்றார். வர்ற திங்கக்கிழமை பத்து மணிக்கு வாங்க, பேசுவோம்."

"அது கிருமிநாசினி. என் வேலை அது."

"எனக்குப் புரியுது. ஆனா உங்க தம்பியே வேற மாதிரி எழுதியிருக்காரே? அதை ராஸ்க் அச்செடுத்து வச்சிருக்கார்."

நாற்பத்து மூன்று வருஷம் காத்திருந்தது ஒரு பொய்யில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதைச் சொன்னவன் அவள் வளர்த்த பிள்ளை. சொன்னதை அவன் திரும்ப எடுக்க வேண்டும், அல்லது இவள் அவனைப் பொய்யன் என்று நாலு பேருக்கு முன் சொல்ல வேண்டும். ஆறு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிகிற நேரத்துக்குத் தொழுகைக் கூடத்தின் வாசலுக்குப் போனாள். ரனீம் கூடவே வந்தாள். மேசை போட்டுத் துண்டுக் காகிதம் கொடுத்துக்கொண்டிருந்த இயக்கத்துப் பையன்கள் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். "வாங்க உம்மு ரனீம்! அல்லாஹ் உங்களுக்குக் கூலி கொடுப்பான்" என்றான் ஒருவன், ரனீமின் தாய் என்று மரியாதையாக விளித்து. ஹுஸாம் பெருமையாகச் சிரித்தபடி முன்னால் வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளுக்கு நெஞ்சு வலித்தது. சின்ன வயதில் பரீட்சையில் தேறிய அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"ஹுஸாம், கடைசியா கேக்கறேன். எழுதினதை எடுக்கறியா?"

"வீட்டுல பேசலாம், அக்கா."

"வீட்டுக்கு நீ வரலை. அதான் இங்க வந்தேன்." அவள் குரல் உயர்ந்தது. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "எல்லாரும் கேட்டுக்கங்க. நான் யாரையும் அழுக்குன்னு துடைக்கலை. என் தம்பிகிட்ட அப்படிச் சொல்லவும் இல்லை. நான் தெரிஞ்சுதான் கை கொடுத்தேன். அப்புறம் வேலைப் பழக்கத்துல தேச்சேன். இவன் எழுதினது பொய்."

ஹுஸாமின் முகம் வெளுத்துப் போயிற்று. பக்கத்தில் நின்றவன், "என்னடா ஹுஸாம், அக்கா சொன்னாங்கன்னே?" என்று மெல்லக் கேட்டான்.

"அப்ப வெக்கமே இல்லாமதான் பிடிச்சியா அவன் கையை?" ஹுஸாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"வெக்கமாதான் இருந்துச்சு. இருந்தாலும் கொடுத்தேன். அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவுல. நீ நடுவுல வராதே."

"ஒரு காகிதத்துக்காக ஊர் முன்னாடி தம்பிய வித்துட்டே."

"நீ என்னை வித்து எட்டு நாள் ஆச்சுடா!"

அவன் மேசையில் இருந்த காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான். தெரு முனையில் நின்று, "இனிமே எனக்கு அக்கா இல்லை" என்று கத்தினான். இன்திஸார் அழவில்லை. ரனீமின் தோளைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். வந்த பேருந்து அவன் வழக்கமாக ஓட்டும் வழித்தடம். ஏறாமல் அடுத்ததற்கு நின்றார்கள்.

திங்கட்கிழமை நகர மண்டபத்தில் ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் லிஸ்பெத், ராஸ்க். இந்தப் பக்கம் இன்திஸாரும் ரனீமும். ராஸ்க் சண்டை போடுகிற மாதிரி இல்லை. நல்ல முறையில் முடித்துவிடலாம் என்ற தோரணை.

"இங்க பாருங்க, நான் கெட்டவன் இல்லை" என்றார். "தம்பி எழுதினதை நீங்க மறுத்துட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். தைரியம்தான். ஆனா ஜனங்க பாத்தது அந்தப் படத்தை. அதை மாத்தணும். வெளிய பத்திரிகைக்காரர் உக்காந்திருக்கார். இன்னொரு தடவை கை கொடுங்க. இந்தத் தடவை துடைக்காதீங்க. உடனே இங்கேயே கையெழுத்துப் போட்டுடறேன்."

அவ்வளவுதானா? ரனீம் உம்மாவின் முழங்கையைத் தொட்டாள். ஒரு நொடி வேலை. ஏற்கெனவே செய்ததுதான். லிஸ்பெத்தும் தலையை ஆட்டினாள், கொடுத்துவிடு என்கிற மாதிரி.

இன்திஸார் மகளைப் பார்த்து, "முழுப் படத்தையும் காட்டு" என்றாள்.

ரனீம் போனை மேசையில் வைத்தாள். அவள் எடுத்த படம் நான்கு நிமிஷம். அதை அவள் முதல் நாளே இணையத்தில் போட்டிருந்தாள். நாற்பத்தேழு பேர் பார்த்தார்கள். பன்னிரண்டு நொடி கிடைக்கும்போது நான்கு நிமிஷத்துக்கு எவனுக்குப் பொறுமை? இப்போது ராஸ்க் குனிந்து பார்த்தார். பெயரைக் கூப்பிடுகிறார்கள். இன்திஸார் புட்டியை எடுக்கிறாள், தேய்க்கிறாள். பிறகுதான் கையை நீட்டுகிறாள்.

"முன்னாடியும் தேய்ச்சீங்களா?" ராஸ்க் நிமிர்ந்தார்.

"முன்னாடி தேய்ச்சது உங்களுக்காக. புண்ணைத் தொட்ட கை அது. பின்னாடி தேய்ச்சது அடுத்து நான் தொடப்போற ஆளுக்காக. எனக்காக எதுவும் தேய்க்கலை."

ராஸ்க் நாற்காலியில் சாய்ந்தார். "சரி, நம்பறேன். அப்ப இன்னொரு தடவை கொடுக்கறதுல என்ன கஷ்டம்?"

"முதல் தடவை கொடுத்ததுல என்ன கஷ்டம்னு நீங்க கேக்கவே இல்லையே." விழுங்க வேண்டிய எழுத்துகளையெல்லாம் அவள் விழுங்காமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "எங்க அப்பா, என் புருஷன், என் தம்பி. அதுக்கு அப்புறம் நான் வெறுங்கையால கை பிடிச்ச ஆம்பளை நீங்கதான். நான் வளத்த பிள்ளையை அதுக்காக இழந்துட்டேன். சட்டம் ஒரு தடவை கேட்டுச்சு, ஒரு தடவை கொடுத்தேன். பத்திரிகைக்காரன் கேக்கறதுக்கெல்லாம் கொடுக்க என்கிட்ட கை இல்லை."

"கொடுக்கலைன்னா கையெழுத்துக் கிடைக்காது. தெரியுமில்ல?"

"தெரியும்."

ரனீம், "உம்மா" என்றாள், அழுகிற குரலில். இன்திஸார் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ராஸ்க் எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டு, வெளியே காத்திருந்த பத்திரிகைக்காரனிடம் போய்விட்டார். லிஸ்பெத் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டாள். "ஒரு தடவைன்னுதான் விதியில இருக்கு. துடைக்கறதைப் பத்தி எதுவும் இல்லை. முழுப் படத்தை எனக்கு அனுப்புங்க, நான் மேலே எழுதறேன். என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. ரமலான் வந்தது, போனது. பெருநாளன்றைக்கு மக்லூபா சோறு செய்து ஹுஸாமுக்கும் சேர்த்து ஒரு தட்டு வைத்தாள். மத்தியானம் வரை அது மேசையில் இருந்தது. பிறகு மூடிக் குளிர்பெட்டியில் வைத்தாள். அந்தக் கிழவியின் மகள் கடைசிவரை மனம் மாறவில்லை. பத்திரிகைக்கு வேறு கதை கிடைத்துவிட்டது. ஊர் மறந்தது. இன்திஸார் மட்டும் ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பாள்.

ஜூன் நடுவில் ஒரு காலை. ஸ்வென் கிழவரின் வீட்டில் அவர் காலைப் புண்ணுக்காக முக்காலியில் தூக்கி வைத்துவிட்டு, வெந்நீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். போன் அடித்தது. தேர்வு விடுமுறையில் வீட்டிலிருந்த ரனீம்.

"உம்மா! வந்துடுச்சு! பிரிச்சுட்டேன், மன்னிச்சிடு, பிரிச்சுட்டேன்! உன் பேரு இருக்கு, உம்மா. டேனிஷ் குடிமகள்னு போட்டிருக்கு!"

இன்திஸார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் யாரிடம் சொல்வது? யோசிக்காமலே ஹுஸாமின் எண்ணை அழுத்திவிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, தானாக நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

"என்ன ஆச்சு? யாராவது செத்துட்டாங்களா?" என்றார் ஸ்வென். இந்த ஊர் மொழியில் கிழவருக்கும் குமரிக்கும் எல்லாருக்கும் 'நீ'தான். அவரும் இவளும் ஆறு வருஷமாக அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

"இல்லை. எனக்கு நாடு கிடைச்சிருக்கு, ஸ்வென்."

"எது, இதுவா? பாவம்" என்றவர், சட்டென்று கையை நீட்டினார், வாழ்த்துச் சொல்ல. நீட்டிய கை பாதியில் நின்றது. அவரே அதைத் திருப்பிக்கொண்டு போய்த் தன் நெஞ்சில் வைத்தார். ஆறு வருஷமாக ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று அவள் செய்வதைப் பார்த்தவர். தலையையும் கொஞ்சம் சாய்த்தார். கழுத்து வலியில் கோணலாகத்தான் சாய்ந்தது.

இன்திஸாரும் நெஞ்சில் கை வைத்தாள். இந்த முறை எந்தச் சட்டமும் அவளை எதுவும் கேட்கவில்லை. பிறகு கை தானாகப் பைக்குள் போய், புட்டியைப் பிழிந்து, தேய்க்க ஆரம்பித்தது.

"ஏய், நான்தான் உன்னைத் தொடவே இல்லையே!" என்று கிழவர் கத்தினார். "அதுக்குள்ள என்ன துடைக்கறே?"

அவள் தன் கையைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, சிரிப்பு நின்ற பிறகும் நீர் நிற்கவில்லை. கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, முக்காலிக்கு எதிரே உட்கார்ந்து கட்டை அவிழ்க்கத் தொடங்கினாள்.